படையில் கற்ற தொழிலுக்கு சிவிலில் செல்லுபடியாகும் சான்று: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியாவில் வருடத்துக்கு ஏறக்குறைய 60,000 பேர் முப்படையிலிருந்தும் ஓய்வு பெற்று வீடு திரும்புகிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு வயது 35-லிருந்து 45-க்குள். பிள்ளைகள் பள்ளியில் படித்துக்கொண்டிருப்பார்கள், வீட்டுக் கடன் பாதி நிற்கும். பென்ஷன் வரும், அதை மட்டும் வைத்து ஓட்ட முடியாது. கையில் தொழில் இருக்கிறது. அந்தத் தொழில் தெரியும் என்று வெளியே காட்டத்தான் தாள் இல்லை. சிப்பாய், நாயக், ஹவில்தார், ஜேசிஓ (நாயப் சுபேதார், சுபேதார் போன்றோர்) நிலையில் இருப்பவர்களையும் அவர்கள் வீட்டாரையும் மனதில் வைத்து எழுதியது இது. அதிகாரிகளுக்காகவும் நடுவில் இரண்டு வரி உண்டு.

17 வருடம் படையில் ஒரே டிரேடில் (தொழில் பிரிவில்) வேலை செய்திருக்கிறேன். டிஸ்சார்ஜ் புக்கில் எல்லாம் பதிவாகியிருக்கிறது. அது போதாதா?

நீங்கள் யார், எத்தனை வருடம் இருந்தீர்கள், நடத்தை எப்படி என்பதற்கு டிஸ்சார்ஜ் புக் போதும். முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கவும் அதுதான் அடிப்படை. ஆனால் ஒரு தனியார் தொழிற்சாலையின் மேலாளர் அதைப் புரட்டினால் அவருக்கு ஒன்றும் விளங்காது. டிரேடு பெயர் சுருக்கெழுத்தில் இருக்கும், கோர்ஸ் பெயரும் அப்படியே. 'எக்ஸம்ப்ளரி' என்று நடத்தைக்கு எழுதியிருப்பதைப் பார்த்து நல்ல மனிதர் என்று நினைத்துக்கொள்வார். வெல்டிங் தெரியுமா என்ற அவர் கேள்விக்கு அதில் பதில் இல்லை.

இதில் மூன்று விதமான தாள்கள் உண்டு. வருகிற பாதிப் பேர் இவற்றைக் குழப்பிக்கொண்டுதான் வருகிறார்கள். முதலாவது சமத் தகுதி: அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது உங்கள் சேவையை ஒரு படிப்புக்கு இணையாக எடுத்துக்கொள்வது. இரண்டாவது திறன் சான்றிதழ்: ஒருவர் உங்களைச் சோதித்துப் பார்த்து, இந்த வேலை இவருக்குத் தெரியும் என்று எழுதிக் கொடுப்பது. மூன்றாவது உரிமம்: அது இல்லாமல் அந்த வேலையைத் தொட்டாலே சட்டப்படி குற்றம் என்ற வகை. ஓட்டுநர், மின் கம்பியாளர், செவிலியர், விமானப் பராமரிப்புப் பொறியாளர் எல்லாம் மூன்றாவதில் வருவார்கள். ஒன்று இருப்பதால் மற்றொன்று இருப்பதாக ஆகாது. உங்களுக்கு வேண்டியது எது என்று முதலில் தெரிந்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

15 வருட சேவை முடித்தால் டிகிரிக்குச் சமம் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான், ஆனால் ஊரில் சொல்கிற அளவுக்கு இல்லை. 1986-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதி இது. பத்தாம் வகுப்பு தேறியவர், அல்லது ராணுவத்தின் ஸ்பெஷல் கல்விச் சான்றிதழோ கடற்படை, விமானப்படையில் அதற்கு இணையானதோ வைத்திருப்பவர், 15 வருடத்துக்குக் குறையாமல் சேவை செய்திருந்தால், பட்டப்படிப்பு கேட்கிற குரூப் சி பணிகளுக்கு அவரைத் தகுதியானவராகக் கருதலாம். தொழில்நுட்ப அனுபவமோ தொழில்முறை அனுபவமோ கட்டாயம் என்றிருக்கும் பணிக்கு இது பொதுவாகப் பொருந்தாது. பொதுத்துறை வங்கிகளின் கிளார்க் அறிவிக்கையிலும் இதே சலுகை அச்சிட்டிருப்பதைப் பார்க்கலாம்.

இது வேலைக்கு விண்ணப்பிக்க மட்டும்தான். இதை வைத்து எம்ஏ சேர முடியாது, பிஎட் சேர முடியாது, சட்டக் கல்லூரிக்குப் போக முடியாது. தனியார் கம்பெனி இதை ஏற்க வேண்டிய கட்டாயமும் கிடையாது. 'நான் கிராஜுவேட்' என்று பயோடேட்டாவில் எழுதிவிட்டு நேர்காணலில் மாட்டிக்கொள்ளாதீர்கள். நிஜமான டிகிரி வேண்டுமென்றால் சர்வீஸில் இருக்கும்போதே அனுமதி வாங்கி, யுஜிசி அங்கீகரித்த தொலைநிலைப் படிப்பில் சேர்ந்துவிடுங்கள். மாநில அரசுப் பணிகளுக்கு விதிகள் வேறு; ஒவ்வொரு அறிவிக்கையையும் தனியாகப் படிக்க வேண்டும்.

எப்போது ஆரம்பிக்க வேண்டும்?

டிரேடு ட்ரெய்னிங் முடித்த நாளிலிருந்தே. சிரிக்க வேண்டாம். ஓய்வுக்கு ஆறு மாதம் இருக்கும்போது ஆரம்பிப்பவர்தான் அதிகம். அதற்குள் பென்ஷன் பேப்பர், குவார்ட்டர் காலி செய்வது, பிள்ளைக்குப் பள்ளி தேடுவது என்று தலைக்கு மேல் வேலை வந்துவிடும். கடைசி நான்கைந்து வருடமாவது இதற்கென்று ஒதுக்குங்கள். உங்கள் வேலையை நேரில் பார்த்த அதிகாரி இன்று பக்கத்து அறையில் இருக்கிறார். அடுத்த வருடம் அவர் அஸ்ஸாமுக்கு மாறுதலாகிப் போய்விடுவார், அப்புறம் அவர் கையெழுத்துக்கு எங்கே போவீர்கள்?

யூனிட்டிலிருந்து என்ன தாளெல்லாம் வாங்கிக்கொள்ள வேண்டும்?

செய்த கோர்ஸ் ஒவ்வொன்றுக்கும் சான்றிதழ் நகல். எத்தனை வாரம், என்ன பாடம் என்ற விவரத்தோடு. டிரேடு கிளாஸ் உயர்வு பதிவான ஆணை. இவை எல்லோருக்கும் தெரிந்தவை. பலர் விட்டுவிடுவது அனுபவக் கடிதத்தை.

பெரும்பாலும் கிடைக்கிற கடிதம் இப்படி இருக்கும்: 'இவர் இந்த யூனிட்டில் ஓட்டுநராக நல்லபடியாகப் பணியாற்றினார்.' இதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. அதையே இப்படி எழுதி வாங்குங்கள்: 'அசோக் லேலண்டின் ஸ்டாலியன் ரகக் கனரக லாரியை 11 வருடம், அதில் நான்கு வருடம் மலைப்பாதையிலும் பனியிலும், விபத்து ஏதுமின்றி ஓட்டினார். தினசரிப் பராமரிப்பு, டயர் மாற்றுதல், பிரேக் சரிபார்த்தல் இவர் பொறுப்பு. எட்டு வண்டிகளுக்கும் பத்து ஓட்டுநர்களுக்கும் மூன்று வருடம் மேற்பார்வையாளர்.' ஸ்டாலியன் எது என்று எண்ணூரிலும் ஓசூரிலும் இருப்பவர்களுக்கு நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. அது அவர்கள் கம்பெனி வண்டி.

கடிதத்தை நீங்களே எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். அதிகாரிக்கு வேலை மிச்சம், உங்களுக்கு வேண்டிய சொல்லும் உள்ளே வந்துவிடும். நீங்கள் போக விரும்பும் சிவில் வேலைக்கான விளம்பரம் ஒன்றை எடுத்து, அதில் என்னென்ன கேட்கிறார்கள் என்று பார்த்து, நீங்கள் நிஜமாகச் செய்தவற்றை அதே சொற்களில் எழுதுவதுதான் சூட்சுமம். செய்யாததைச் சேர்க்க வேண்டாம். யூனிட் இருந்த இடம், ஆயுத விவரம், எண்ணிக்கை போன்ற ரகசியச் சமாச்சாரம் எதுவும் கடிதத்தில் வரக் கூடாது. சந்தேகம் இருந்தால் கையெழுத்துப் போடும் அதிகாரியிடமே கேட்டுவிடுங்கள்.

ஆதாரில் ஒரு பெயர், ராணுவ ஆவணத்தில் ஒரு பெயர். சிக்கல் வருமா?

நிச்சயம் வரும். அதுவும் தமிழ்நாட்டுக்காரருக்குக் கண்டிப்பாக வரும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பள்ளிச் சான்றில் 'சு. முருகன்', ராணுவ ஆவணத்தில் 'முருகன் எஸ்', ஆதாரில் 'முருகன் சுப்பிரமணி', பான் கார்டில் 'சுப்பிரமணி முருகன்'. நான்கு பேரும் ஒரே ஆள்தான் என்று எந்தக் கணினியும் ஒத்துக்கொள்ளாது. திறன் சான்றிதழ் இப்போது ஆதாரோடு இணைந்து வருகிறது. டிஜிலாக்கரில் ஏற வேண்டும் என்றால் பெயரும் பிறந்த தேதியும் பொருந்தியாக வேண்டும்.

ராணுவப் பதிவில் தவறு என்றால் சர்வீஸில் இருக்கும்போதே பார்ட் டூ ஆர்டர் (விவரங்களைப் பதியும் யூனிட் ஆணை) போடச் சொல்லி ரெக்கார்ட் ஆபீஸ் (பணி ஆவணங்களை வைத்திருக்கும் அலுவலகம்) வரை திருத்திவிடுங்கள். யூனிட் கிளார்க்கிடம் நல்லபடியாகச் சொன்னால் நடக்கிற வேலை. வெளியே வந்த பிறகு அதே திருத்தத்துக்குக் கெஜட், அஃபிடவிட், கடிதத்துக்கு மேல் கடிதம் என்று மாதக்கணக்கில் இழுக்கும். மனைவி பெயர், பிள்ளைகள் பிறந்த தேதி இவற்றையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள் என்பேன்.

டிஜிஆர் கோர்ஸ் என்பது என்ன? யாருக்குக் கிடைக்கும்?

டெல்லியில் பாதுகாப்பு அமைச்சகத்தின் முன்னாள் படைவீரர் நலத் துறையின் கீழ் மறுவாழ்வு இயக்குநரகம் இருக்கிறது. எல்லோரும் டிஜிஆர் என்றுதான் சொல்வார்கள். ஓய்வுக்கு முந்தைய கடைசி இரண்டு வருடத்தில் இருப்பவர்களுக்கு இது மறுவாழ்வுப் பயிற்சி நடத்துகிறது. ஜேசிஓ, மற்ற ரேங்குகளுக்குக் கட்டணம் கிடையாது. அதிகாரிகளுக்குக் கட்டணத்தில் 60 சதவீதத்தை டிஜிஆர் ஏற்கும், மிச்சம் அவர்கள் கையிலிருந்து. ஐஐஎம்களில் 24 வாரம் நடக்கும் மேலாண்மைக் கோர்ஸ்கள் இந்த வகை. அது எம்பிஏ ஆகாது. ஆனாலும் ஐஐஎம் பெயருக்கு வெளியே மதிப்பு உண்டு.

சிப்பாய்களுக்கான கோர்ஸ் பட்டியல் நீளம். பாதுகாப்பு மேற்பார்வை, தீத்தடுப்பு, கணினி, வண்டிப் பழுது, கிடங்கு நிர்வாகம் என்று போகும். விண்ணப்பம் யூனிட் வழியாகத்தான் போக வேண்டும். என் கருத்தைக் கேட்டால், கோர்ஸைத் தேர்வு செய்யும்போது 'வீட்டுக்குப் பக்கத்தில் எங்கே நடக்கிறது' என்று பார்ப்பதுதான் நம்மவர்கள் செய்யும் பெரிய தப்பு. மூன்று மாதம் வீட்டுச் சாப்பாடு கிடைக்கும், சரி. அதற்கப்புறம்? முடித்ததும் தரும் சான்றிதழ் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பில், அதாவது என்எஸ்க்யூஎஃப்பில், எந்த நிலையில் வருகிறது, என்சிவிஇடி (தேசியத் தொழிற்கல்வி, பயிற்சி கவுன்சில்) அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் தெளிவாக வரவில்லை என்றால் வேறு கோர்ஸ் பாருங்கள்.

நான் எம்டி (ராணுவ மோட்டார் வாகன) டிரைவர். ராணுவ லைசென்ஸ் இருக்கிறது. வெளியே ஓட்டலாமா?

ராணுவ வண்டியைத்தான் அதில் ஓட்டலாம். வெளியே வாடகை லாரியோ பேருந்தோ ஓட்டப் போக்குவரத்து வாகன உரிமம் வேண்டும். சர்வீஸில் இருக்கும்போதே சிவில் உரிமத்தை எடுத்து, கனரகம் வரை ஏற்றிக்கொள்வதுதான் நல்லது. இலகுரக உரிமம் வாங்கி ஒரு வருடமாவது ஆகியிருந்தால்தான் போக்குவரத்து வாகனத்துக்கு எல்எல்ஆர் தருவார்கள் என்பது சட்டம். ஆகவே இது ஒரே லீவில் முடிகிற காரியமில்லை. இரண்டு வருடாந்திர லீவாகப் பிரித்துச் செய்யுங்கள். ராணுவ உரிமத்துக்கும் யூனிட் சான்றுக்கும் என்ன சலுகை கிடைக்கும் என்று போகும்போதே ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

பெட்ரோல், எரிவாயு டேங்கர் ஓட்ட விருப்பமா? அபாயகரப் பொருள் ஏற்றும் வண்டிக்குத் தனிப் பயிற்சி மூன்று நாள் இருக்கிறது; முடித்தால் உரிமத்தில் அதைப் பதிந்து தருவார்கள். சாதாரண லாரி ஓட்டுநரைவிடச் சம்பளம் கூட. எரிபொருள் ஏற்றிப் பழகிய ஏஎஸ்சி (ராணுவ விநியோகப் பிரிவு) ஆட்களுக்கு இது கைவந்த வேலை.

மெட்ராஸ் சாப்பர்ஸில் (ராணுவப் பொறியாளர் பிரிவு) எலெக்ட்ரீஷியன். ஊரில் வயரிங் வேலை எடுத்துச் செய்யலாமா?

வேலை தெரிந்தால் மட்டும் போதாது. தமிழ்நாட்டில் மின் உரிமம் வழங்கும் வாரியம் கிண்டியில் இருக்கிறது. தகுதிச் சான்று அங்கிருந்துதான் வர வேண்டும். ஐடிஐ படிக்காதவருக்கு நுழைவாசல் மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்துகிறது. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், வயரிங்கில் ஐந்து வருடத்துக்குக் குறையாத செய்முறை அனுபவம் வேண்டும். மேலே சொன்ன அனுபவக் கடிதம் இங்கேதான் கைகொடுக்கும். 'எலெக்ட்ரீஷியன்' என்று மட்டும் போட்டிருந்தால் எதில் அனுபவம் என்று கேட்பார்கள். 'கட்டட வயரிங், எர்த்திங், ஜெனரேட்டர் இணைப்பு' என்று போட்டிருந்தால் கேள்விக்கு இடமில்லை.

ஃபிட்டர், வெல்டர், டீசல் மெக்கானிக் போன்ற டிரேடு என்றால் இன்னொரு வழியும் உண்டு. ஐடிஐ மாணவர்கள் எழுதும் அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். அனுபவம் உள்ளவர்களுக்கென்றே அந்த வாய்ப்பு. தேறினால் கிடைப்பது ஐடிஐயில் உட்கார்ந்து படித்தவருக்குக் கிடைக்கும் அதே தேசியத் தொழிற்சான்றிதழ். பரீட்சையில் செய்முறை உங்களுக்கு விளையாட்டு மாதிரி, தியரிதான் கவிழ்க்கும். ஐடிஐ புத்தகத்தை வாங்கி பாரக்கில் வைத்துப் படியுங்கள். அறிவிப்பு வரும் சமயம் அருகிலுள்ள அரசு ஐடிஐயில் விசாரித்தால் தெரியும்.

சாப்பர்ஸில் வெடிவைப்பு தெரிந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: வெடிபொருள் விதிகள், 2008-ன் கீழ் வெடி வைப்பவருக்கான அனுமதியைப் பெசோ எனும் மத்திய அமைப்பு தருகிறது. சாலைப் பணிகளில் அந்த அனுமதிச் சீட்டு உள்ள ஆளைத் தேடிக்கொண்டே இருப்பார்கள்.

ஏஎம்சியில் (ராணுவ மருத்துவப் பிரிவு) நர்சிங் அசிஸ்டென்ட். ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர முடியுமா?

முடியாது. இதை மழுப்பாமல் சொல்லிவிடுவது நல்லது. பதிவு பெற்ற செவிலியர் என்றால் ஜிஎன்எம் (செவிலியர் டிப்ளமோ) அல்லது பிஎஸ்சி நர்சிங் முடித்து மாநில நர்சிங் கவுன்சிலில் பதிந்திருக்க வேண்டும். போர்முனையில் நீங்கள் உயிர் காத்திருக்கலாம். பதிவேடு அதைப் பார்க்காது. சில தனியார் மருத்துவமனைகள் 'நர்ஸ்' என்று வேலைக்கு வைத்துக்கொள்ளத் தயாராக இருக்கும். ஏதாவது தவறு நடந்தால் முதலில் கை கழுவுவதும் அவர்கள்தான்.

ஆம்புலன்ஸ் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பர், அறுவை அரங்க உதவியாளர், டயாலிசிஸ் உதவியாளர் போன்ற வேலைகளுக்குத் தனிப் படிப்புகளும் திறன் சான்றிதழ்களும் இருக்கின்றன. 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டத்துக்குப் பிறகு இந்தத் தொழில்களும் பதிவுக்குள் வருகின்றன. ஆகவே இனிமேல் சேருகிற படிப்பு அந்தப் பதிவுக்கு ஏற்றதா என்று உறுதிசெய்துகொண்டு பணம் கட்டுங்கள்.

சிக்னல்ஸ் (தகவல் தொடர்புப் பிரிவு), ஸ்டோர்ஸ், கிளார்க் ஆட்களுக்கு என்ன வழி?

உண்மையில் இவர்களுக்குத்தான் எளிது. இந்தத் துறைகளில் சான்றிதழ் தருவது தனியார் அமைப்புகள். பரீட்சை எழுதித் தேறினால் முடிந்தது, சமத் தகுதி, கவுன்சில் எதுவும் கிடையாது. நெட்வொர்க் பக்கம் போக விரும்பும் சிக்னல்ஸ்காரர் சிஸ்கோவின் சிசிஎன்ஏ எழுதலாம், முன் தகுதி கேட்பதில்லை. திட்ட மேலாண்மையில் பிஎம்பி சான்றிதழுக்குப் பட்டம் இல்லாதவர் 60 மாதம் திட்டங்களை வழிநடத்திய அனுபவமும் 35 மணி நேரப் பயிற்சியும் காட்ட வேண்டும். ஒரு சுபேதார் தன் கடைசி எட்டு வருடத்தை உட்கார்ந்து கணக்குப் போட்டால் 60 மாதம் தாராளமாக வரும். பரீட்சை ஆங்கிலத்தில், கட்டணமும் கொஞ்சம் அதிகம். யோசித்து இறங்குங்கள்.

விமானப்படை, கடற்படைக்காரர்களுக்கு?

விமான டெக்னீஷியனுக்கு டிஜிசிஏ (சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) தரும் ஏஎம்இ (விமானப் பராமரிப்புப் பொறியாளர்) உரிமம்தான் குறிக்கோள். படை விமானத்தில் வேலை செய்த அனுபவத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் பாடத் தேர்வுகளை எழுதியாக வேண்டும், சிவில் விமானத்தில் கொஞ்ச காலம் வேலை செய்தும் காட்ட வேண்டும். வருடக்கணக்கில் ஆகும். சர்வீஸிலேயே பேப்பர்களை ஒவ்வொன்றாக எழுதி முடித்தவர்கள்தான் வெளியே வந்ததும் வேலையில் உட்காருகிறார்கள்.

கடற்படையில் ஆர்ட்டிஃபைசர் எனப்படும் தொழில்நுட்ப மாலுமிகளுக்குப் பயிற்சியிலேயே டிப்ளமோ கிடைக்கிறது. மற்றவர்கள் வணிகக் கப்பலுக்குப் போவதென்றால் எஸ்டிசிடபிள்யூ என்ற சர்வதேச விதிப்படியான அடிப்படைக் கோர்ஸ்களும், டிஜி ஷிப்பிங் (மத்திய அரசின் கப்பல் போக்குவரத்து இயக்குநரகம்) தரும் சான்றும் வேண்டும். கடலில் இருந்த காலத்துக்கான கணக்கைக் கப்பல்வாரியாக, தேதியோடு எழுதி வாங்கி வையுங்கள். பின்னாளில் நினைவிலிருந்து சொன்னால் யாரும் ஏற்க மாட்டார்கள்.

செக்யூரிட்டி வேலைக்கும் சான்று வேண்டுமா?

வேண்டும். 2005-ன் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டப்படி பயிற்சி பெறாதவரைக் காவலராக வைக்கக் கூடாது. மத்திய அரசின் மாதிரி விதிகளில் மற்றவர்களுக்கு வகுப்பு 100 மணி நேரம், களம் 60 மணி நேரம். முன்னாள் படையினருக்கு 40 மணி, 16 மணி போதும். தமிழக அரசின் டெக்ஸ்கோ என்ற கழகம் 1986-லிருந்து முன்னாள் படைவீரர்களுக்கு இந்த வேலை தருகிறது. அவசரத்துக்கு நல்ல இடம்தான். ஆனால் 20 வருடம் ரேடார் பழுது பார்த்தவர் ஏடிஎம் வாசலில் நிற்பதைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. அவர் மேல் அல்ல.

தம்பி அக்னிவீராகச் சேர்ந்திருக்கிறான். அவனுக்கு இதெல்லாம் பொருந்துமா?

முக்கால்வாசி பொருந்தாது. அவனுக்கு நான்கு வருடம்தான்; நூற்றுக்கு 25 பேர் வரைதான் தொடர்வார்கள். பென்ஷன் இல்லை, 15 வருடக் கணக்கும் இல்லை, ஆகவே டிகிரி சமத் தகுதி அவனுக்குக் கிடையாது. அதற்குப் பதில் 2022 ஜூனில் திட்டம் வந்தபோதே மூன்று ஏற்பாடுகளை அறிவித்தார்கள். இக்னோ (மத்திய அரசின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) வழியாக மூன்று வருடப் பட்டப்படிப்பு; அதில் பாதி மதிப்பெண் அளவு, அதாவது 50 சதவீத கிரெடிட், படையில் பெற்ற பயிற்சிக்கே. பத்தாவதோடு சேர்ந்தவர்களுக்கு என்ஐஓஎஸ் (தேசியத் திறந்தநிலைப் பள்ளி) வழியாகப் பன்னிரண்டாம் வகுப்பு. கடற்படை அக்னிவீர்களுக்கு வணிகக் கப்பலில் சேர ஆறு வழிகள். வெளியேறும்போது திறன் சான்றிதழும் உண்டு.

இக்னோவில் சேர வேண்டியது அவன்தான், தானாக நடக்காது. மிச்சமுள்ள 50 சதவீதத்தையும் படித்துத் தேறியாக வேண்டும். 2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலும் சேர்ந்த முதல் அணிக்கு நான்கு வருடம் முடிவது 2026 கடைசியிலும் 2027 தொடக்கத்திலும்தான். வெளியேறும்போது தரும் மொத்தத் தொகையான 'சேவா நிதி' சுமார் 11.71 லட்சம் கையில் வரும். அதைப் பார்த்ததும் புல்லட் வாங்கும் எண்ணம் வரும். தம்பியிடம் அண்ணன் பேச வேண்டிய நேரம் அது.

என் கணவர் லடாக்கில் பணியில் இருக்கிறார். போன்கூடச் சரியாக வராது. வீட்டிலிருந்து நான் என்ன செய்ய முடியும்?

நிறையச் செய்யலாம். அவர் பள்ளிச் சான்று, ஆதார், பான் மூன்றிலும் பெயர் எப்படி இருக்கிறது என்று எழுதி அவருக்கு அனுப்புங்கள். ராணுவப் பதிவோடு அவர் ஒப்பிட்டுக்கொள்ளட்டும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு ஒருமுறை போய் என்னென்ன பயிற்சி, எப்போது விண்ணப்பம் என்று கேட்டு வாருங்கள். பணியில் இருப்பவரின் குடும்பத்துக்கும் அங்கே விவரம் சொல்வார்கள். அவர் லீவு தேதி தெரிந்ததும் ஆர்டிஓ ஸ்லாட், பரீட்சை விண்ணப்பம் போன்றவற்றை அதற்கேற்பப் பார்த்து வையுங்கள். லீவில் வரும் மனிதருக்குக் கல்யாணம், காதுகுத்து, குலதெய்வம் என்று நாள் ஓடிவிடும். முதல் வாரத்திலேயே இந்த வேலையை முடித்துவிடச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் பணியில் இருக்கும்போதே லைசென்ஸ் பரீட்சைக்குப் பணம் தருகிறார்களாமே?

ஆமாம். அங்கே ராணுவம் 2002-லேயே 'கூல்' என்ற பெயரில் ஒரு இணையதளம் தொடங்கியது. டிரேடு பெயரைத் தட்டினால் அதற்குப் பொருந்தும் சிவில் சான்றிதழ்கள், பரீட்சை விவரம், செலவை யார் ஏற்பார்கள் எல்லாம் வரும். 'ஸ்கில்பிரிட்ஜ்' திட்டத்தில் கடைசி 180 நாள் வரை ஒரு சிவில் நிறுவனத்தில் வேலை பழகலாம், சம்பளம் படையே தரும். இரண்டு வருடம் கனரக ராணுவ வண்டி ஓட்டியவருக்கு வணிக லாரி உரிமத்தில் ஓட்டிக் காட்டும் தேர்விலிருந்து விலக்கு கிடைக்கும். நம்மிடம் கோர்ஸ் இருக்கிறது, டிரேடு வாரியாக ஒரே இடத்தில் பார்க்கும் வசதிதான் சிப்பாயின் கைக்கு இன்னும் எட்டவில்லை. பணத்தைவிட அந்தப் பட்டியல்தான் முதலில் தேவை என்பது என் எண்ணம்.

ஒருவர் 30,000 ரூபாய் கொடுத்தால் பழைய தேதியில் டிகிரி வாங்கித் தருகிறேன் என்கிறார்...

வேண்டாம். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை யுஜிசி வெளியிடுகிறது, பாருங்கள். வேலையில் சேர்ந்து ஐந்து வருடம் கழித்துச் சரிபார்த்தாலும் வேலை போகும், வழக்கு வரும். ஓய்வுப் பணம் வந்த வாசனை பிடித்து வருகிறவர்கள் இவர்கள். 'ஃபயர் அண்ட் சேஃப்டி' டிப்ளமோ என்று பத்து நாளில் தருகிறவர்களிடமும் ஜாக்கிரதை. தொழிற்சாலையில் பாதுகாப்பு அலுவலர் ஆக, அறிவியல் அல்லது பொறியியல் படிப்போடு அங்கீகாரம் பெற்ற தொழிலகப் பாதுகாப்பு டிப்ளமோ வேண்டும். சென்னையில் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் அப்படி ஒன்றை நடத்துகிறது.

நான் ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிவிட்டது. இப்போது ஏதாவது செய்ய முடியுமா?

முடியும், கொஞ்சம் நடக்க வேண்டியிருக்கும். உங்கள் ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதுங்கள்: மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், சாப்பர்ஸ் என்றால் பெங்களூர், இஎம்இ (மின், இயந்திரப் பொறியாளர் பிரிவு) என்றால் செகந்திராபாத், சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், ஏஎம்சி என்றால் லக்னோ. படை எண், ரேங்க், பெயர், பென்ஷன் ஆணை எண் குறிப்பிட்டு, டிரேடு, கிளாஸ், முடித்த கோர்ஸ்கள் பற்றிய சான்று கேளுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்பினால் கடிதம் நகரும்.

அது கையில் வந்ததும் ஆர்பிஎல் என்ற முறைக்கு விண்ணப்பியுங்கள். ஏற்கெனவே தெரிந்த தொழிலைச் சோதித்துச் சான்று தரும் ஏற்பாடு இது. முதலிலிருந்து படிக்க வேண்டியதில்லை. தனித்தேர்வர் தொழிற்தேர்வும் உங்களுக்குத் திறந்தே இருக்கிறது. புதிதாக ஏதாவது கற்க விருப்பம் என்றால் ட்ரோன் ஓட்டும் சான்றைப் பாருங்கள்: 2021 விதிப்படி பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் போதும், வயது 18-லிருந்து 65 வரை, அங்கீகாரம் பெற்ற மையத்தில் சில நாள் பயிற்சி. அண்ணா பல்கலைக்கழகத்திலேயே அப்படி ஒரு மையம் உண்டு. வயலுக்கு மருந்தடிக்கிற வேலைக்கு இப்போதே ஆள் கேட்கிறார்கள். சொந்தமாகத் தொழில் வைக்கிறேன் என்பவர்களுக்குத் தமிழக அரசு 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தில் ஒரு கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு 30 சதவீத மூலதன மானியமும் 3 சதவீத வட்டி மானியமும் தருகிறது. அதற்கான விண்ணப்பத்தையும் அதே மாவட்ட அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். போகும்போது டிஸ்சார்ஜ் புக்கின் அசலோடு இரண்டு செட் நகலும் எடுத்துப் போங்கள்.